முத்துசாமிக்கு வந்த இங்கிலீஷ் கடிதம்

முதல் அடி காதோரம் விழுந்தது. இரண்டாவது வருவதற்குள் ரத்தினம்மா வயிற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முதுகு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கும். வயிற்றில் ஐந்து மாதம்.

"என்னைய கோர்ட்டுக்கு இழுக்கிறியாடி? என்னையவா?"

புருஷன் முத்துசாமி பெல்ட்டை உருவிக்கொண்டிருந்தான். பின்கட்டுக்கு முன்னால், அப்துல் கஃபாரின் சாப்பாட்டுக்கடையில் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் எழவில்லை.

கால்மணி நேரத்துக்கு முன் இதே முத்துசாமி அத்தனை பேருக்கும் தேத்தண்ணி சொல்லியிருந்தான். சிங்கப்பூர் பஃப்ளோ ரோட்டில் மாடிகளில் குடியிருந்த துறைமுகக் கூலிகளுக்கெல்லாம் இந்தக் கடைதான் தபால் விலாசம். யாருக்கு எது வந்தாலும் இங்கிலீஷ் தெரிந்த குமாஸ்தா, கிராணி பரமசிவம் பிரித்துச் சத்தமாகப் படிப்பார். ஊரில் பிறந்தது, செத்தது எல்லாம் கடைக்குப் பொது. முத்துசாமிக்கு வந்தது தட்டச்சு செய்த இங்கிலீஷ் கடிதம். எட்டு வருஷ நாள்கூலி, வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அவன் முடிவே செய்துவிட்டான்.

"சத்தமாப் படிங்க லா, கிராணி. நாலு பேரு கேக்கட்டும்."

பரமசிவம் வரிவரியாகத் தமிழில் சொன்னார். மனைவியை அடிக்கிறாய். இரண்டு கர்ப்பம் கலைந்திருக்கிறது. உடனே நிறுத்தாவிட்டால் வழக்கு. மூன்றாவது வரியிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. படித்துப் பழகிய வாய், நிற்கவில்லை.

"டேய் முத்து, பெர்மனென்ட்டு இல்லடா, உன் பொண்டாட்டி போட்ட கேஸு!" என்றான் ஒருவன். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு முதுகில் விழத்தான் முத்துசாமி, அவள் மசாலா அரைக்கும் பின்கட்டுக்கு வந்தான்.

ரத்தினம்மா ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பதினேழு வயதில் இவனைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் வந்தாள். கஃபார் கடையில் மசாலா அரைத்தாள். இரண்டு பிள்ளைகள் அவன் உதையில் போயின. மூன்றாவது தங்கியதும், சனிக்கிழமைகளில் வாசகசாலை மாடியில் சட்டம் படிக்கும் மாணவர்கள் ஏழைகளுக்கு மனு எழுதித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். அப்துல் கையூம் என்ற மாணவன் மூன்று சனிக்கிழமை அவளைக் கேட்டுக் கேட்டு எழுதினான்.

"தம்பி, இந்தப் புள்ளையாச்சும் உசுரோட வரணும். வேற ஒண்ணும் வேணாம்."

வழக்குக்கு முன் எதிராளிக்கு ஒரு கடிதம் போடுவதுதான் முறை என்று அவன் படித்திருந்தான். மேற்பார்த்த வக்கீலிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் சேர்த்தான். கடிதத்தை அதற்குரியவர் பிரித்துத் தனியாகப் படிப்பார் என்று நினைத்தான். அவன் வீட்டில் அப்படித்தான்.

பெல்ட்டின் கொக்கி அவள் தோளைக் கிழித்தது. முத்துசாமி கூந்தலைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் திருப்பினான். காலைத் தூக்கினான். அது எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு முறை விழுந்த இடம்.

அம்மிமேல் குழவி கிடந்தது. மிளகாய் அப்பிய குழவி. இரண்டு கையாலும் எடுத்து, அவன் ஊன்றியிருந்த காலின் முட்டியில் இறக்கினாள். மட்டை முறிகிற சத்தம். விழுந்தவன் அவள் கணுக்காலைப் பிடித்தான். அந்தக் கைமேல் ஒன்று போட்டாள். மூன்றாவதற்கு ஓங்கியபோது கஃபார் ஓடிவந்தார்.

"வேணாம்மா, செத்துருவான்!"

"இம்புட்டு நேரம் எங்க மொதலாளி இருந்தீங்க?"

குழவியை அவளாகவே கீழே வைத்தாள்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் பிரசவ ஆஸ்பத்திரியில் தாதி குழலை வைத்துக் கேட்டுவிட்டு, பிள்ளையின் நெஞ்சு துடிக்கிறது என்றாள். பத்து மணிக்குப் போலீஸ் ரத்தினம்மாவைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது. கொடுங்காயம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு. முத்துசாமிக்கு முட்டிச்சில்லும் மூன்று விரல்களும் உடைந்திருந்தன. மாணவன் என்பதால் கையூமுக்குப் பேச அனுமதியில்லை. பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வக்கீல் பேசினார். கஃபார் ஜாமீன் நின்றார். வழக்கு மூன்று வாரம் தள்ளிப்போனது. வெளியே வந்ததும் கையூம், தப்பு தன்னுடையது என்றான். அவள் பசிக்கிறது என்றாள். தோசை வாங்கிக்கொடுத்தான். மூன்று தின்றாள். அன்று இரவு கஃபாரின் வீட்டில், அவர் மனைவி சம்சுன்னிசாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.