ஷோமென்தாவும் அவர் விமானத்தின் சர்வோக்களும்

ரிமோட் விமானச் சாமான் விற்கும் சக கடைக்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா: விமானம் விழுந்தால் யாரும் காற்றைத் திட்டுவதில்லை, கடைக்காரியைத்தான் திட்டுவார்கள்.

சின்னதாக ஒன்று

அப்பா துறைமுக வேலைக்கு மாற்றலாகிக் கொல்கத்தா வந்தவர். நான் ஜாதவ்பூரில் கடை போட்டு இங்கேயே தங்கிவிட்டேன். ஷோமென்தா என் வாடிக்கையாளர், கல்லூரியில் வேதியியல் நடத்துபவர். வங்காளத்தில் 'தா', 'தாதா' என்றால் அண்ணன், 'பௌதி' அண்ணி, 'தீதி' அக்கா. குட்டிக்கரணம் போடுகிற விமானம் ஒன்றை மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து செய்திருந்தார். இறக்கை மடல்களையும் வால் மடல்களையும் அசைக்கும் சின்ன மோட்டார்தான் சர்வோ. எடை கூடிவிடும் என்று பயந்து, இருப்பதிலேயே பொடியானதை எடுத்தார்.

"உங்க விமானத்துக்கு மடல் பெரிசு. வேகத்துல காத்து அழுத்தும்போது இது தாங்காது. உலோகப் பல்சக்கரம் வெச்சதா எடுங்க" என்றேன். அவர் யோசித்தார். கூட வந்திருந்த மனைவி மிதாலி பௌதி சொன்னார்: "கேளுங்க. இப்படித்தான் அடக்கமா இருக்குன்னு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினீங்க, ஒரு இலிஷ் மீன் முழுசா உள்ளே போகல." உலோகச் சக்கரம் வைத்ததையே வாங்கிப் போனார்.

பாடும் வால்

மறு வாரம் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வால் சர்வோ விடாமல் ரீங்காரம் போட்டது. சர்வோவின் கையைக் கோணலாக மாட்டிவிட்டு, அதை ரிமோட்டிலேயே சரிக்கட்டியிருந்தார். மடல் ஒரு பக்கம் முட்டி நின்ற பிறகும் மோட்டார் தள்ளிக்கொண்டே இருந்தது. அப்படியே பறந்திருந்தால் பேட்டரியைக் குடித்துவிட்டு நடுவானில் கைவிட்டிருக்கும்.

கையைக் கழற்றி, மடலைத் தள்ளும் கம்பிக்குச் செங்குத்தாக மாட்டி, அது ஓடும் தூரத்தையும் குறைத்தேன். சத்தம் நின்றது. ஷோமென்தா வாலில் காதை வைத்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "சத்தம் இருந்தப்போ உயிரோட இருக்கிற மாதிரி இருந்தது, தீதி."

முதல் ஓட்டம்

நியூ டவுன் தாண்டி ஒரு வெட்டவெளி. நண்பர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள். "பறக்கிறதுக்கு முன்னாடி ரிமோட் குச்சியை வலப்பக்கம் தள்ளிக் காட்டுங்க" என்றேன். "எல்லாம் வீட்லயே பார்த்தாச்சு" என்று சிடுசிடுத்தார். கையில் பிடித்திருந்த விமானத்தை நான் விடவில்லை. கோபத்தோடு தள்ளினார். மேலே எழ வேண்டிய வலது மடல் கீழே இறங்கியது. முந்தின நாள் அவர் ரிமோட்டில் எல்லாவற்றையும் புதிதாகப் பதிந்தபோது திசை தலைகீழாகியிருக்கிறது. நான் திசையை மாற்றிக் கொடுத்ததும், கேட்காமலே குச்சியை இன்னும் இரண்டு முறை தள்ளிப் பார்த்தார்.

விமானம் எழும்பி, புரண்டு, வட்டமடித்து, மூக்கை வானத்துக்குக் காட்டித் தொங்கியது. பௌதி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அச்சு விழுந்தது. புல்லில் குதித்து இறங்கியதில் முன்விசிறி மட்டும் உடைந்தது. ஷோமென்தா ரிமோட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"இறங்கிருச்சு தாதா, சுவிட்சை அணைங்க" என்றேன்.

"அது இறங்கிருச்சு தீதி. நான் இன்னும் இறங்கல."

அடுத்த ஞாயிறே இதைவிடப் பெரிய விமானத்துக்குச் சர்வோ கேட்டு அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார் என்பதால், விடுமுறை நாளில் தூங்குவது எப்படி என்பதை வேறு தொழில் செய்கிறவர்களிடம்தான் நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.