அடுப்புக்கு மேலே தொங்கிய கித்தார்

இல்லவே இல்லை. தெயோலிந்தா முராயாரி குடித்துவிட்டுத் தன் கித்தாரைத் தானே நாசமாக்கினாள் என்று ஆற்றங்கரைப் பெலேன் சந்தையில் மீன் வெட்டுகிறவள் முதல் துடுப்புப் போடுகிறவன் வரை சொல்கிறார்கள். படகுக்காரன் ஒருவனோடு ஓடிப்போனாள் என்று அதற்கு ஒரு வாலும் ஒட்டுகிறார்கள். எந்தப் படகுக்காரன்? பெயரைச் சொல் என்றால் வாயைத் திறப்பதில்லை. மரவள்ளிக் கள்ளின் வாடையே ஆகாத பெண் அவள்.

லிசார்தோவின் கும்பியா ஆட்டப்பாட்டுக் குழுவில் அவள் இரண்டாம் கித்தார். மற்றப் பெண்கள் குட்டைப் பாவாடை கட்டி மேடையின் முன்னால் ஆடுவார்கள்; இவள் ஒருத்திதான் பின்னால் நின்று வாசிப்பாள். அந்த இடத்தைப் பிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கித்தாரோ மலிவான சீனச் சரக்கு. வாசித்து வாசித்து, கழுத்தில் குறுக்கே பதிந்த ஃப்ரெட் கம்பிகளில் தந்தி அழுந்துகிற இடமெல்லாம் பள்ளம் விழுந்துவிட்டது. எதைத் தொட்டாலும் தகரம் போல இரைந்தது.

கார்னிவலுக்கு முன்னால் லிசார்தோ அவளைக் கூப்பிட்டார்.

"இந்தா பாரு தெயோ, உன் கித்தார் தொண்டையில முள்ளு மாட்டுன பூனையாட்டம் கத்துது. கார்னிவல்லயும் இப்படின்னா, நவுத்தா ஊர்ல கீபோர்டுக்காரன் ஒருத்தன் தயாரா இருக்கான்."

"மாத்திடறேன், தோன் லிசார்தோ."

"எதை, கித்தாரையா?"

"கம்பிய. புதுக் கித்தாருக்கு நான் எங்க போவேன்?"

லீமாவிலிருந்து கம்பி வந்து சேர்ந்தபோது ஆறு ஏறிவிட்டிருந்தது. கால்மரங்கள் மேல் நிற்கும் வீட்டில், தரைப்பலகைக்கு அடியிலேயே தண்ணீர் சளசளத்தது. நான்கு திருகுகளைக் கழற்றிக் கித்தாரின் கழுத்தைத் தனியாக எடுத்தாள். ரேடியோக்காரனிடம் இரவல் வாங்கிய, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலால் பழைய கம்பிகளைச் சூடாக்கி, முனை தேய்த்த குறடால் மெல்ல மெல்லக் கிளப்பினாள். மரம் சில்லுச் சில்லாய்ப் பெயர்ந்தது. ஒவ்வொரு சில்லையும் பொறுக்கிப் பசை வைத்து ஒட்டினாள். புதுக் கம்பியைச் சற்றே வளைத்து, முதலில் இரண்டு ஓரங்களையும் பிறகு நடுவையும் தட்டி இறக்கினாள். நீட்டிக்கொண்டிருந்த முனைகளை வெட்டி, உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போகிற வரை அரத்தால் தேய்த்தாள்.

"பொம்பளக் கையா இது? கொல்லன் கை" என்றாள் அவள் அம்மா சொய்லா.

"கொல்லனத்தாம்மா யாரும் வேலைய விட்டுத் துரத்துறதில்ல."

இரண்டு கம்பிகள் மட்டும் படியவில்லை. மரம் ஈரத்தில் ஊதியிருந்தது. அவற்றைப் பசையால் பிடிக்கவைத்து, துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு, புதுத் தந்தி வாங்கச் சிறு படகில் சந்தைக்குப் போனாள்.

வெள்ளக் காலத்தில் பெலேனில் ஈரமான எதையும் யாரும் மேசைமேல் விட்டுவைப்பதில்லை. துணி, செருப்பு, உப்புப் பை, ஞானஸ்நானச் சட்டை எல்லாமே அடுப்புக்கு மேலிருக்கும் பரணுக்குத்தான் போகும். சொய்லாவும் அதைத்தான் செய்தாள். அங்கே புகையில் காய்ந்துகொண்டிருந்த மீன்களை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கித்தாரின் கழுத்தைத் தொங்கவிட்டாள். சீக்கிரம் காயட்டும் என்று இரண்டு விறகு கூடுதலாகவும் வைத்தாள்.

தெயோலிந்தா திரும்பி வந்தபோது கழுத்து வில்லாய் வளைந்திருந்தது. மரம் காய்ந்து சுருங்கியதில் கம்பி முனைகள் இரண்டு பக்கமும் பிரானா மீனின் பல்லாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒட்டியவை இரண்டும் எகிறிவிட்டன.

"பசை ஈரமாவே கெடந்துச்சு மகளே. காயட்டும்னுதான்..."

தெயோலிந்தா கழுத்தைப் பலகையோடு சேர்த்துக் கட்டி, மேலே அரிசி மூட்டையை ஏற்றிவைத்தாள். எகிறியவற்றைத் திரும்ப அடித்தாள். விடிந்தால் கார்னிவல்.

மறுநாள் பரிசுகள் கட்டிய ஊமிஷா மரத்தைச் சுற்றி ஊரே ஆடியது. ஆட ஆட ஒவ்வொரு ஜோடியாக வந்து கோடரியால் ஒரு வெட்டு வெட்டினார்கள். இரண்டாவது பாட்டிலேயே சுருதி நழுவியது. முறுக்கி ஏற்றினாள், மறுபடி நழுவியது. கம்பி முனைகள் கையைக் கிழித்து, கித்தாரெல்லாம் ரத்தம்.

"ஏ தெயோ, அது கித்தாரா, கருவாடா? வாசம் இங்க வரைக்கும் வருது!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

லிசார்தோ பாட்டை நிறுத்தினார். "என்ன பண்ணித் தொலைச்ச?"

இலையில் பொதிந்த சோறு விற்கும் கூடையோடு, கூட்டத்தின் முன்வரிசையில், வாயைப் பொத்திக்கொண்டு சொய்லா நின்றிருந்தாள். தெயோலிந்தா அவளைப் பார்த்துவிட்டு லிசார்தோவிடம் திரும்பினாள்.

"அடுப்பு மேல நான்தான் வெச்சேன்."

"குடிச்சிருந்தியா?"

"ஆமா."

ஊர் பிடித்துக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான். நவுத்தாக்காரன் அன்றைக்கே மேடை ஏறினான். அதன் பிறகு தெயோலிந்தா ஏறாத படி இல்லை. எந்தக் குழுவும் அவளைச் சேர்க்கவில்லை. குடிகாரி என்றார்கள்.

"நான் போய்ச் சொல்லிடறேன், என் கைதான்னு" என்று சொய்லா அழுதாள்.

"சொன்னா கீபோர்டுக்காரன் எறங்கிடுவானா? உன் கூடையில சோறு வாங்கறவங்களும் சிரிப்பாங்க. அவ்வளவுதான்."

"அப்ப இங்கேயே இரு. என்னோட வித்துப் பொழச்சுக்கலாம்."

"நெதமும் நீ என் மூஞ்சியப் பாத்து அழுவ. அதப் பாத்து நான் ஒருநாள் உன்னை ஏதாச்சும் சொல்லிருவேன் அம்மா. அப்புறம் ரெண்டு பேருக்கும் என்ன மிஞ்சும்?"

புக்கால்பா போகும் சரக்குப் படகில் சமையலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். படுக்கிற ஏணையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். கித்தார் மூலையிலேயே கிடந்தது. சொய்லா ஒரு சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். நீட்டினாளே தவிர, கையை விடவில்லை. தெயோலிந்தா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே இறங்கினாள்.