அப்பாவின் பெயருக்கு நேரே ஒரு வெற்றுக் கட்டம்

எங்கள் ஊரிலிருந்து வைகை அணைக்கு நடந்தே போய்விடலாம். அணைத் தண்ணீர் மட்டும் எங்களுக்கு வராது, அது மதுரைப் பக்கம் போகும். சுற்றுலா வருகிறவர்கள் அணையைப் பார்த்து, மீன் வறுவல் தின்று, போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். நாங்கள் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கிணறு மூன்று பேருக்குப் பொது. பெரியப்பா, அப்பா, அப்புறம் எங்களுக்குச் சித்தப்பா முறையாகும் ஒரு பங்காளி. யாருக்கு எந்தக் கிழமை என்பது தாத்தா காலத்திலேயே முடிவானது. செவ்வாயும் வெள்ளியும் அப்பாவுடையவை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வறட்சி வருடங்களில் கிழமை இருந்தது, தண்ணீர் இல்லை. மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் காற்றை இழுக்கும். அதனால் அவரவர் நாளில் எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்று அளந்துகொள்ள வேண்டியதாயிற்று. நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது, எவ்வளவு நிற்கிறது, அதற்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் கட்ட வேண்டும் என்பதைப் பொறுத்து நேரம். பெரியப்பாதான் இதைச் சொன்னார். நியாயமான ஏற்பாடு என்று அப்பாவும் ஒப்புக்கொண்டார்.

கணக்குப் போட்டது பெரியப்பாவின் மகன். எனக்கு அண்ணன். தேனியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தான். எக்செல்லில் ஓர் அட்டவணை செய்தான். பெயர், பயிர், பரப்பு, எத்தனை நாளைக்கு ஒரு தண்ணீர் என்று கட்டங்கள். வாரத்தின் ஏழு நாளை அந்த எண்ணால் வகுத்து, பரப்பைச் சேர்த்துப் பெருக்கினால் கடைசிக் கட்டத்தில் மணி நேரம் வந்து நிற்கும். வாரம் ஒரு தாள் அச்செடுத்து மோட்டார் ரூம் கதவில் ஒட்டுவான்.

முதல் தாளிலேயே வம்பு வந்தது. சித்தப்பா அந்த வருடம் நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்தார். பயிர் இல்லை, அதனால் எத்தனை நாளைக்கு ஒரு தண்ணீர் என்ற கேள்வியும் இல்லை. அந்தக் கட்டம் காலி. காலியால் ஏழை வகுக்கச் சொன்னால் எக்செல் என்ன செய்யும்? #DIV/0! என்று கத்தியது. கீழே மொத்தத்திலும் அதையே கத்தியது. வேலி மாதிரி ஒரு குறி, இங்கிலீஷ் எழுத்து, பூஜ்யம், போதாததற்கு ஓர் ஆச்சரியக்குறி. சித்தப்பா அதைத் தன்மேல் போட்ட வழக்கு எண் என்றே முடிவு கட்டிவிட்டார்.

“எம்பேருக்கு நேர என்ன கிறுக்கி வச்சிருக்கீக? எனக்குத் தண்ணி வேணாம்னா வேணாம்னு எழுதுங்க. இதென்ன கேசு நம்பரு?” என்று பெரியப்பா வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டார்.

அண்ணன் என்னைத் தேடி வந்தான். நான் அப்போது தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எம்.எஸ். ஆபீஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுக்கிறேன் என்கிற தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது. என் வகுப்பில் நான் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: உபயோகிக்கிறவர் தப்புச் செய்யாமல் இருக்க மாட்டார், அதனால் தப்புச் செய்ய வழியே வைக்காதீர்கள். சூத்திரக் கட்டங்களைப் பூட்டுங்கள். எண் வர வேண்டிய இடத்தில் எண்ணைத் தவிர எதையும் ஏற்காதபடி விதி வையுங்கள். பிழை வந்தால் வெளியே தெரியாமல் மூடுங்கள்.

“அந்தக் கிறுக்கல் வராமப் பண்ண முடியுமா பாப்பா?” என்றான்.

“இது ஒரு வேலையா அண்ணே?” என்றேன்.

பிழை வந்தால் வெற்றிடம் காட்டு என்று சூத்திரத்தை மாற்றினேன். கட்டங்களைப் பூட்டினேன். நாள் இடைவெளிக் கட்டத்தில் எண்ணைத் தவிர வேறு எதைத் தட்டினாலும் ‘எண் மட்டும்’ என்று மிரட்டும்படி செய்தேன். அடுத்த வாரத் தாளில் சித்தப்பாவின் வரி துடைத்துவிட்டது போல வெள்ளையாக இருந்தது. அவர் சமாதானமானார். வெள்ளை என்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம், அது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா எனக்கு ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்தார். கம்பத்தில் திராட்சைத் தோட்டம் உள்ள குடும்பம். பையன் நல்லவன்தான், பார்க்கவும் குறை சொல்ல முடியாது. கல்யாணம் ஆனால் வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்று அவன் அம்மா சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அப்பா என் பக்கம் நின்றார். பெரியப்பா அவர்களுக்கு ஏற்கனவே வாக்குக் கொடுத்திருந்தார் போல. அன்றைக்கு எங்கள் வீட்டில் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சு குறைந்தது.

அப்பா அப்போது புதிதாக மல்லிகை நட்டிருந்தார். பருத்தியும் சோளமும் வருடா வருடம் கையைக் கடித்ததால், கடைசியாக ஒன்று பார்ப்போம் என்று நட்டது. இது பிடித்தால் ஊரில் இருக்கலாம், இல்லையென்றால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்காவது வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். எத்தனை நாளைக்கு ஒரு தண்ணீர் என்று அண்ணன் கேட்டதற்கு, “புதுச் செடிடா, மண்ணு எப்பிடி வாங்குதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்” என்றாராம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அடுத்து ஒட்டிய தாளில் அப்பாவின் வரி வெள்ளையாக இருந்தது.

அப்பா தாளைப் பார்த்துவிட்டு வந்து திண்டில் சாய்ந்து உட்கார்ந்தார். “நம்மள எடுத்துட்டாக” என்றார். பெரியப்பா வீட்டுப் பக்கம் போகவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று வெளியூர்க்காரர் யாராவது நினைக்கலாம். எங்கள் குடும்பத்தில் ஒருவரை விலக்குவதென்றால் வாய் திறந்து யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். விடுபட்டவர் போய் “என் பெயர் எங்கே?” என்று கேட்க மாட்டார். கேட்டால் மானம் போச்சு. விசேஷத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருப்பார். அப்பா அந்தத் தாளையும் ஒரு பத்திரிகையாகத்தான் வாசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அப்பாவின் பெயர், மல்லிகை, பரப்பு எல்லாம் அச்சாகியிருந்தன. அடுத்த கட்டம் காலி. கடைசிக் கட்டம் காலி. வாரம் முழுக்க இதே சூத்திரத்தைப் பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். அண்ணனுக்கு அதை எழுதிக்கொடுத்தவளும் நான். எனக்கு அது தோன்றவே இல்லை. என் கல்யாணத்தை வைத்துப் பழி வாங்குகிறார்கள் என்ற ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது என்று அம்மா சொல்வது சும்மா இல்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. மோட்டார் ஓடவில்லை. வெள்ளிக்கிழமையும் ஓடவில்லை. எங்கள் நாளை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஊறிய தண்ணீர் கிணற்றில் அப்படியே கிடந்தது. அதைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை.

“எடுத்துக் கட்டிட்டாலாவது சரிங்கலாம். எனக்குக் குடுக்கக் கூடாதுன்னு சும்மா போட்டு வச்சிருக்காகளே” என்றார்.

அம்மா தெருக்குழாயில் பிடித்துக் குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினாள். அது எத்தனை செடிக்குக் காணும்? ஓரத்துச் செடிகளில் இலை சுருண்டது. பிறகு நடுவிலும் சுருண்டது. அப்பா தோட்டத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்.

அண்ணன் ஒருநாள் சென்டருக்கு வந்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையைக் காட்டினான். “கிளாஸ் இருக்கு” என்று உள்ளிருந்தபடியே சொன்னேன். வகுப்பு ஒன்றும் இல்லை, உள்ளே ஒரு மாணவி தனியாகத் தட்டச்சுப் பழகிக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான்.

மல்லிகை காய்ந்தது. அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். பழனிசெட்டிபட்டியில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தோம். எனக்கு சென்டர் பக்கத்தில் ஆனது. அப்பா ஒரு மர டிப்போவில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். வாழ்நாளெல்லாம் மண்ணில் நின்ற மனிதர், நாற்காலியில் உட்கார்ந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது ஊரைப் பற்றிப் பேச்செடுத்தால், “அங்கன என்ன இருக்கு?” என்பார்.

சில வருடம் கழித்துப் பெரியப்பா செத்துப்போனார். தகவல் வந்ததும் அப்பா போனார். உடன்பிறந்தவர் வந்தால் நேரே உள்ளே போய்த் தலைமாட்டில் உட்காருவார்கள். அப்பா தெருவிலேயே, பந்தலுக்கு வெளியே, வந்த சனத்தோடு சனமாக நின்றார். யாரும் வாங்க என்று கையைப் பிடித்து இழுக்கவில்லை, அவரும் நகரவில்லை. சுடுகாட்டிலிருந்து நேராக பஸ் ஏறி வந்துவிட்டார்.

கருமாதிக்கு முன்னால் அண்ணன் மறுபடி சென்டருக்கு வந்தான். மொட்டைத் தலையோடு இந்தத் தடவை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்தான்.

“கருமாதிக்காச்சும் ஒங்கப்பாவ உள்ள வந்து ஒக்காரச் சொல்லு” என்றான். “எங்கப்பா சாகுற வரைக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தாக. அவனுக்கு எம்மேல அம்புட்டுக் கோவமா, நம்ம கெணத்துத் தண்ணிகூட வேணாம்னு செடியக் காயவிட்டுட்டானேன்னு.”

“யாரு வேணாம்னா? நீங்கதான எடுத்தீக?”

“என்னத்த எடுத்தோம்? செவ்வாயும் வெள்ளியும் யாரும் சுவிட்சத் தொடக் கூடாது, எந்தம்பி எப்ப வந்தாலும் தண்ணி இருக்கணும்னு அப்பா சத்தம் போட்டுத்தான் கெணறு அப்பிடியே கெடந்துச்சு.”

அந்த அட்டவணை இருக்கிறதா என்று கேட்டேன். அலுவலகக் கோப்புகளோடு ஒரு பென் டிரைவில் வைத்திருந்தான். திறந்தோம். அப்பாவின் வரியில் நாள் இடைவெளிக் கட்டம் காலி. ‘பிறகு சொல்வார்’ என்று அதில் தட்டப் பார்த்ததாகவும், எண் மட்டும் என்று அது அடம் பிடித்ததாகவும், சரி எங்கள் அப்பா சொன்னதும் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டதாகவும் அண்ணன் சொன்னான். அப்போது அவன் அலுவலகத்தில் கணக்கு தாக்கல் செய்கிற நேரம். அடுத்தடுத்த வாரம் பழைய கோப்பையே அச்செடுத்து யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கிறான். தாளில் உறுத்துகிற மாதிரி எதுவும் இல்லை. ஒரு தப்பும் தெரியாமல் அத்தனை அழகாக மூடி வைத்திருந்தேன்.

பழையபடி அந்தக் கிறுக்கலே வந்திருந்தால் அப்பா சித்தப்பாவைப் போல வாசலில் நின்று சத்தம் போட்டிருப்பார். கேசு நம்பரா என்று கேட்டிருப்பார். பெரியப்பாவும் பதிலுக்குக் கத்தியிருப்பார். கத்தினால் போதும், எங்கள் வீட்டில் பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும். தெரியாத பிழையால் கெட்டுப்போன கணக்குகளைப் பற்றி எத்தனையோ வகுப்பில் பேசியிருக்கிறேன். பேச்சுதான்.

மறுநாள் மதியம், மாணவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அப்பாவை சென்டருக்கு அழைத்து வந்தேன். வீட்டில் வைத்து வாயால் சொன்னபோது அவர் நம்பவில்லை. “அவுக செத்தபெறகு நல்லவுகளாக்குறியா?” என்றார். திரையில் அவர் பெயரைக் காட்டினேன். பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தார்.

“மல்லிகைக்கு எத்தன நாளைக்கு ஒரு தண்ணிப்பா?”

“அந்த மண்ணுக்கு அஞ்சு நாளு” என்றார் யோசிக்காமல்.

காலிக் கட்டத்தில் ஐந்து என்று போட்டேன். கடைசிக் கட்டத்தில் மணி நேரம் வந்து நின்றது. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

“இது இப்ப வந்ததா, அப்பவே இருந்ததா?”

“அப்பவே இருந்ததுப்பா. நீங்க ஒரு நம்பர் சொல்லியிருந்தாப் போதும்.”

“அப்ப அந்தத் தண்ணி...”

“பெரியப்பா உங்களுக்குன்னு விட்டு வச்சிருந்தாக.”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். காய்ந்த செடியைப் பற்றிக் கேட்பார், என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“நான் போயி ஒரு வார்த்த கேட்டிருந்தா எங்கண்ணன் என்ன சொல்லியிருப்பாக தெரியுமா?” என்றார். “ஏலே, வாயப் பாத்துக்கிட்டு நிக்காம போயி மோட்டாரப் போடுன்னிருப்பாக.”

சொல்லிவிட்டு, மேல் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.