முழங்கால் உயரம்

அந்தத் தெருவில் எல்லோரும் அவளை டிக்கெட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பேருந்து நிலையத்தில் வெளியூர் டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவள். கூண்டு என்று சும்மா சொல்லவில்லை. காலை நீட்டினால் எதிர்ப் பலகை இடிக்கும், கையை நீட்டினால் கம்பி. முன்னால் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஊரே கையை விட்டு அவசரப்படுத்தும். சில்லறை இல்லை என்று சொன்ன குற்றத்துக்காக அவள் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுகளைத் தொகுத்தால் தடிமனாக ஒரு புத்தகம் போடலாம்.

பக்கத்துக் கூண்டில் இன்னொருத்தி. நடுவே ஒரு ஒட்டுப்பலகை. வேலை நேரத்தில் எழுந்து போய்ப் பேச முடியாது, வரிசையில் நிற்கிறவன் சும்மா விடுவானா? அதனால் பலகையைத் தட்டுவாள் இவள். "ஏய், இருக்கியா?" "எங்க போயிடப் போறேன்?" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வரும். பிரசவம், மாமியார் தொல்லை, வீட்டுக்காரரின் கோபதாபம் எல்லாம் அந்தப் பலகை வழியாகத்தான் போய் வந்தன. இத்தனை வருடப் பழக்கத்தில் இருவரும் முகம் பார்த்துப் பேசிய நேரம் மிகக் கொஞ்சம்.

ஓய்வு பெற்றதும் அந்தக் குறை தீர்ந்தது. இருவருக்கும் ஒரே தெருதான். இவள் வீடு ஒரு முனையில், அவள் வீடு மறுமுனையில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே. வேலை விட்ட மறுநாளே சாயங்காலம் நடக்கக் கிளம்பிவிட்டார்கள். உடம்பு இளைப்பதற்காகவும் இல்லை, டாக்டர் சொல்லியும் இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போன இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தபடி முகம் பார்த்துப் பேசினார்கள், அவ்வளவுதான். டிக்கெட் அக்கா தனக்கென்று வைத்துக்கொண்ட சுகம் வாழ்நாளிலேயே அது ஒன்றுதான்.

யார் கண் பட்டதோ, அதுவும் நிலைக்கவில்லை. அந்தத் தெருவில் அப்போது நடைபாதை கிடையாது. சாக்கடை மூடிக்கும் தாருக்கும் நடுவே கொஞ்சம் மண் ஓரம், அதில்தான் நடக்க வேண்டும். ஒரு சாயங்காலம் நெரிசலில் பொறுமை இழந்த ஒருவன் மோட்டார் சைக்கிளை மண் ஓரத்தில் ஏற்றி, பின்னாலிருந்து அவளை இடித்துத் தள்ளினான். போகிற போக்கில், "பார்த்துப் போகக்கூடாதா?" என்று அவளையே திட்டிவிட்டுப் போனான். இடுப்பெலும்பு முறிந்தது.

ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். கம்பு ஊன்றிக்கொண்டு சமதரையில் தாராளமாக நடக்கலாம் என்றார் டாக்டர். "காலை உயரமா மட்டும் தூக்காதீங்கம்மா. தூக்கவும் வராது." கணவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் கொத்தனாரை வரவழைத்து, வாசல் படியை இடித்துவிட்டுச் சரிவாகப் பூசிவைத்தார். பூச்சு வழுக்குமோ என்று ஈரச் சிமெண்டில் துடைப்பத்தால் கோடு இழுத்ததும் அவர்தான். அந்தக் கோடுகளைப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷனா இந்த மனுஷன் என்று பிற்பாடு அவள் யோசித்ததற்குக் காரணமே அந்தச் சரிவுதான்.

மரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் அவர். நாலு பேர் நடுவில் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கடையில் பாக்கி கேட்கக்கூட முதலாளியின் மைத்துனரைத்தான் அனுப்புவார்கள். அப்பேர்ப்பட்டவர், மனைவிக்கு நேர்ந்ததைச் சொல்லி நியாயம் கேட்க நகராட்சிக்குப் போனார். அங்கே, நடைபாதை, சைக்கிள் பாதை, பொதுவழி மூன்றுக்கும் திட்டம் போடத் தெருக்காரர்களை வைத்து ஒரு குழு அமைக்கப் போவதாகச் சொன்னார்கள். பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். முதல் கூட்டத்தில் எழுந்து, "என் சம்சாரம் இடுப்பு ஒடிஞ்சு வீட்டுல கிடக்கறா சார்" என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் பேச முடியாமல் விம்மிவிட்டார். கூட்டமே கலங்கிப்போனது. அங்கேயே அவரைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

முதல் தடவை அழுதது நிஜம். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கைதட்டல் என்று ஒன்று இருக்கிறதே, அது பொல்லாதது. அடுத்தடுத்த கூட்டங்களிலும் இடுப்பெலும்பு வந்தது, விம்மலும் வந்தது. போகப் போக இரண்டும் சரியான இடத்தில் வர ஆரம்பித்தன. "உங்க வீட்டுக்காரர் பேசினா கல்லும் கரையும்க்கா" என்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொல்லும்போது, டிக்கெட் அக்காவுக்குத் தன் இடுப்பை யாரோ இரவல் வாங்கிப் போன மாதிரி இருக்கும்.

சட்டைக்கு இஸ்திரி, கையில் ஃபைல், சட்டைப் பையில் இரண்டு பேனா என்று அவர் ஆளே மாறிவிட்டார். சாப்பாட்டு வேளை கூட்டத்தைப் பொறுத்தது என்று ஆயிற்று. குழுவின் தலைவர் மருந்துக்கடை முதலாளி. தன் கிடங்குக்குப் பின்னாலிருந்த பொதுவழிக்குக் கதவு போட்டுப் பூட்டிவைத்திருந்த புண்ணியவான் அவர். அதனால் பொதுவழி விஷயம் வரும்போதெல்லாம், பிறகு பார்க்கலாம் என்று தீர்மானம் ஆகும். சைக்கிள் பாதைக்குப் பொறுப்பு ஒரு பல் டாக்டர். பாதைக்குச் சிவப்பு அடிப்பதா, பச்சை அடிப்பதா என்று ஒரு கோடை முழுக்கச் சண்டை நடந்தது. பாதை எங்கே என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

அவளுக்கு ஒரே ஒரு உத்தரவு. "நடைபாதை வந்துடும். அதுவரைக்கும் வெளியில கால் வைக்காதே. மறுபடி ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது." அவர் அதையும் நிஜமாகத்தான் சொன்னார். அவளும் கேட்டுக்கொண்டாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. காலையும் மாலையும் கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். செங்கல் அடுக்கி மேலே ஒரு மரப்பலகையைப் போட்டு, அரை அடி உயரம் ஏறி இறங்கப் பழகினாள். நடைபாதை அவ்வளவு உயரம்தான் இருக்குமென்று அவர் ஃபைலில் இருந்த படத்தில் பார்த்திருந்தாள். தோழி முன்பெல்லாம் வந்து போய்க்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்த பிறகு கிளம்ப முடியவில்லை. அதனால் தினமும் போன்தான். "ஏய், இருக்கியா?" "எங்க போயிடப் போறேன்?" சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் மறுபடியும் குரல் மட்டும்தானா என்று அவளுக்கு ஆத்திரமாக வரும். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் தன் காலில், யாரையும் கேட்காமல் போய்வர வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான்.

நாலு வருஷம் ஓடியது. நகராட்சி மண்டபத்தில் வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் கடைசிக் கூட்டம் இவர்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்தார்கள். உயரம் அரை அடி, விதி அப்படி என்றார் நகராட்சிப் பொறியாளர். செயலாளர் எழுந்துவிட்டார்.

"அரை அடி யாருக்கு சார் வேணும்? எந்த மோட்டார் சைக்கிள்காரனும் அலட்டிக்காம ஏறிடுவான். முழங்கால் உயரம் வேணும். ஒரு பய ஏறக்கூடாது. அன்னைக்கே அந்த உயரம் இருந்திருந்தா என் சம்சாரம் இன்னைக்கு…"

விம்மல் சரியான இடத்தில் வந்தது. பொறியாளர் பேனாவை மூடிவிட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள்.

டிக்கெட் அக்கா சமையலறை வாசலில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். அவளை வைத்துத்தான் அத்தனை பேச்சும். ஆனால் அவள் நிற்பதை யாரும் கவனிக்கவில்லை.

"அவ்வளவு ஒசரம்னா நான் எப்படிங்க ஏறுவேன்?"

மருந்துக்கடை முதலாளி கலகலவென்று சிரித்தார். "என்னக்கா இது, உங்களை ஏத்திவிட நாங்க இத்தனை பேர் இல்லையா?" அறையே சிரித்தது. பல் டாக்டர் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "கமிட்டி பேசிக்கிட்டிருக்கு. நீ உள்ள போ" என்றார். வாசலில் துடைப்பத்தால் கோடு இழுத்த அதே மனுஷன்தான் இதைச் சொன்னார் என்றால் அவளாலேயே நம்ப முடியவில்லை.

மறுநாள் காலை அவர் பேப்பர் படிக்கும்போது கேட்டாள். "நம்ம கேட்டு முன்னாடி மட்டும் கொஞ்சம் சரிவு விடச் சொல்லுங்களேன்."

"சொல்லலாம். செயலாளர் தன் வீட்டுக்குன்னு பண்ணிக்கிட்டார்னு நாளைக்கு ஒருத்தன் சொன்னா? நாலு வருஷமா சேர்த்த பேர் என்னாகும்?"

"கார் இருக்கற வீட்டுக்கெல்லாம் வழி விடறீங்களே?"

"அது வண்டி உள்ள போறதுக்கு. அது விதி."

"அப்ப நானும் ஒரு கார் வாங்கிடறேன்."

அவர் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பினார். கையூட்டு வாங்காத, தனக்கென்று ஒரு செங்கல்கூடக் கேட்காத உத்தமர் என்று பிற்பாடு ஊரே அவரைப் புகழ்ந்தது. வாஸ்தவம்தான். அந்த உத்தமத்துக்கு விலை கொடுத்தது யார் என்று ஊருக்குத் தெரியாது.

நடைபாதை வந்தது. கேட்டைத் திறந்தால் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டுத் திட்டு. கார் உள்ள வீடு வந்தால் திட்டு அறுந்து பள்ளம், அதைத் தாண்டினால் மறுபடி திட்டு. தெரு நெடுக இதே கதை. சைக்கிள் பாதைக்குப் பச்சைதான் ஜெயித்தது. பெயிண்ட் காய்வதற்குள் அதில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள்.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட அவளைத்தான் அழைத்தார்கள். அவளைவிடப் பொருத்தமான ஆள் யார்? மருந்துக்கடை முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் பல் டாக்டர், இருவரும் கக்கத்தில் கை கொடுத்து மூட்டையைத் தூக்குகிற மாதிரி அவளைத் தூக்கி மேலே வைத்தார்கள். கால் அந்தரத்தில் தொங்கியது. "கொஞ்சம் கனம்தான்" என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். கைதட்டினார்கள், படம் பிடித்தார்கள். மேலே நின்று அவள் தெருவைப் பார்த்தாள். தூரத்தில் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதற்கு முன்னால் எத்தனை பள்ளம், எத்தனை திட்டு! பேச்சுகள் முடிந்ததும் மறுபடி தூக்கிக் கீழே வைத்தார்கள். பத்திரிகையில் வந்த படத்தில் அவள் முகம் மட்டும்தான் இருந்தது, தொங்கிய கால் இல்லை. கணவர் அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அவள் நடந்து பழகிய அதே சுவரில்.

ஒரு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், அவர் வெளியே போயிருந்தபோது, தோழிக்குப் போன் போட்டாள். "நான் வர்றேன். வாசல்ல வந்து நில்லு."

"எப்படிடீ வருவே?"

"வர்றேன்."

வாசல் சரிவில் இறங்கி, கேட்டைத் திறந்து, திட்டுக்கு முதுகு காட்டி அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். கம்பை மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். மறு ஓரம் வந்ததும் திரும்பிக் காலைத் தொங்கவிட்டு, தெருவில் ஊன்றி எழுந்தாள். நடப்பதற்கென்று போட்ட பாதையை அவள் உட்கார்ந்தபடி தாண்டினாள். புடவையெல்லாம் சிமெண்டுப் புழுதி. தட்டிவிட்டுக்கொண்டாள்.

கார்கள் ஓரத்தை அடைத்துக்கொண்டிருந்ததால், முன்பைவிட நடுத்தெருவுக்குத் தள்ளித்தான் நடக்க வேண்டியிருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கால் அவள் சொன்னதைக் கேட்டது. கூடத்தில் நடந்த நடை வீண் போகவில்லை. பாதித் தெரு வந்திருப்பாள். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் கிறீச்சென்று நின்றது.

"ஏம்மா, அதான் மேல நடைபாதை போட்டு வச்சிருக்காங்கள்ல? சாகறதுக்கு உனக்கு ரோடுதான் கிடைச்சுதா?"

அவள் மேலே பார்த்தாள். நடைபாதையில் எதிரே அவள் கணவர் ஃபைலோடு வந்துகொண்டிருந்தார். நின்றுவிட்டார். பேச்சு முழுக்க அவர் காதில் விழுந்திருந்தது. இப்படி ஒருத்தன் கையில் கிடைத்தால் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னவர் அவர். இதோ ஒருத்தன் நிற்கிறான்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நானும் அதைத்தான் தம்பி படிச்சுப் படிச்சுச் சொல்றேன். சொன்னா கேக்க மாட்டேங்கறா."

மோட்டார் சைக்கிள்காரன் தலையில் அடித்துக்கொண்டு போனான். அவர் குனிந்து கையை நீட்டினார். "கையைக் குடு, ஏத்திவிடறேன். எல்லாரும் பாக்கறாங்க."

அவள் கம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். தொட்டிக்கு எதிரே தோழி வாசலில் நிற்பது தெரிந்தது.

"நீங்க மேலயே போங்க" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல். "உங்களுக்குத்தானே போட்டது."