களத்துச் செருப்பு

மெத்து ரப்பரை அறுக்கும்போது கை தடுமாறினால் விளிம்பு அலையடித்துவிடும். உணர்ச்சி இல்லாத பாதத்துக்கு அந்த அலையே போதும், புண் வந்துவிடும். அதனால் இந்தக் கைகள் கத்தியை நகர்த்துவதில்லை. கத்தி நின்ற இடத்தில் நிற்க, ரப்பர்தான் மெல்லத் திரும்பியது. அறுத்த ஓரத்தைக் கட்டைவிரல் தடவிப் பார்த்தது. குதிகால் பக்கம் ஒரு பிசிறு. மறுபடியும் கத்தி.

அடுத்து சொல்யூஷன். பூசியதும் ஒட்டினால் பிடிக்காது, ரொம்பக் காய்ந்துவிட்டாலும் பிடிக்காது. ஜெபமாலையில் பத்து மணி உருட்டி முடிக்கும் நேரம் கணக்காக இருக்கும். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைசி மணிக்குப் பிறகு இரண்டு துண்டுகளும் ஒன்றாயின. அதன்மேல் துவைத்துக் காயவைத்த காடாத் துணி சுற்றித் தைக்கப்பட்டது. ஆணி இல்லை, தோல் இல்லை. ரோட்டில் நடப்பதற்கான செருப்பும் இல்லை இது.

கள்ளக்குறிச்சியில், சங்கராபுரம் போகும் ரோட்டோரத் தகரக் கடையில் ரோசாலி இந்த வேலையைச் செய்கிறார். கணவர் சூசை பரம்பரையாகச் செருப்புத் தைத்தவர். சர்க்கரை நோயில் அவருக்குக் கால்விரல்கள் போனபின், அவருக்கு ஏற்ற செருப்பைத் தைத்துப் பிரித்து, பிரித்துத் தைத்து ரோசாலி தானாகவே கற்றுக்கொண்டார். இப்போது சின்னசேலத்திலிருந்தும் ஆட்கள் தேடி வருகிறார்கள். பெரிய வியாழனன்று மாதா கோயிலில் சாமியார் ஊர்க்காரர்களின் பாதம் கழுவும்போது எல்லாரும் ஜெபிப்பார்கள். ரோசாலியின் கண் மட்டும் யார் குதிகாலில் வெடிப்பு இருக்கிறது என்று பார்க்கும்.

தைத்து முடித்த செருப்பை வந்தவர் காலடியில் தரையில் வைப்பார். யாரும் கையில் வாங்குவதில்லை. அதுதான் வழக்கம்.

இருசம்மாள் அவருக்குச் சிநேகிதியானது ஆஸ்பத்திரியில், கட்டு மாற்றும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில். கரியாலூருக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்தில் சாமை பயிரிடுகிறவர். சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்ட காலோடு தனியாகவே பஸ் ஏறி வருவார். சூசைக்குக் கொண்டுவந்த இட்லியை ரோசாலி பங்கு வைத்தார். பழகிய பிறகு ஒருநாள் கேட்டார்.

"அக்கா, உன் காலுக்காக ஜெபம் பண்ணட்டுமா?"

"பண்ணேன், யாரு வாணாம்னது? சத்தமா பண்ணாத. எங்க சாமி கோச்சுக்கும்."

அந்தப் புண் ஆறியது. அதே இடத்தில் இன்னொரு தடவை உடைந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார். ரோசாலி ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார்.

ஐப்பசியில் இருசம்மாள் கடைக்கு வந்தபோது, ரோசாலி வழக்கம்போலப் புறங்கையை அவர் பாதத்தில் வைத்துப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே சுட்டது. புண் உடைவதற்கு முன்னால் அந்த இடம் இப்படித்தான் சுடும்.

"செருப்பப் போடறியா இல்லியா?"

"போட்டுக்கினுதான் இருக்கேன். வூட்டுக்கு, கொல்லைக்கு, எல்லாத்துக்கும்."

"அப்பறம் ஏன் சுடுது? நாளெல்லாம் எங்க நிக்கற?"

"களத்துல. சாமை அடிச்சிக்கினு இருக்கோமில்ல."

"களத்துல செருப்பு?"

"இன்னாடி பேசற? தானியம் கெடக்கற எடத்துல செருப்போட ஏறுவாங்களா?"

"கால் போச்சுன்னா இன்னா பண்ணுவ?"

"கால் போனாலும் களம் களந்தான்."

"உன் புடிவாதத்துக்கு ஒரு மருந்தும் கெடையாதுக்கா."

"உன் வாய்க்கு மட்டும் இருக்குதா?" என்று கேட்டுவிட்டு இருசம்மாள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

ரோசாலிக்குக் கோபம் தணியவில்லை. ஜெபத்திலும் மாதாவிடம் முறையிடத்தான் செய்தார்: என் கை செய்ததை அவள் கழற்றி வைக்கிறாளே.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சூசை படிக்கட்டில் உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து துணிச் செருப்பை எடுத்து மாட்டினார். வாராவாரம் நடப்பதுதான். இந்தத் தடவை ரோசாலி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விரல் எடுத்த புதிதில் சூசை கோயிலுக்குள் வரவேயில்லை. வெறுங்காலில் நடக்கக் கூடாது, செருப்போடு நுழைய மனம் இல்லை. செருப்போடு வரலாம் என்று சாமியாரே சொல்லியும் வாசலில்தான் நின்றார். "மோசேயவே செருப்பக் கழட்டச் சொன்னாரு கடவுள்," என்றார். "மோசேக்குச் சக்கர இல்ல," என்றார் ரோசாலி. அதற்கும் அசையவில்லை. அப்புறம்தான் ரோசாலி அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து, கோயிலுக்கு மட்டும் என்று ஒரு ஜோடி தைத்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் சூசை மறுபடி நற்கருணை வாங்கப் பீடத்துக்குப் போனார்.

வீட்டுக்காரருக்குப் பார்த்த நியாயத்தைச் சிநேகிதிக்குப் பார்க்காமல் போனோமே என்று ரோசாலிக்கு வெட்கமாக இருந்தது. நடக்க முடியாமல் படுத்துக் கிடந்தவனை எழுப்பிய இயேசு, வீட்டுக்குப் போ என்றுதான் அனுப்பினார். புண் ஆறினால் மட்டும் போதாது. ஆறிய காலோடு தன்னுடைய இடத்தில் போய் நிற்க வேண்டும். இருசம்மாளின் இடம் களம்.

பூசை முடிந்ததும் போன் செய்தார்.

"அக்கா, தோல் இல்லாம, மண்ணையே மிதிக்காத செருப்பு ஒண்ணு தச்சா, களத்துல ஏறுவியா?"

அந்தப் பக்கம் முறத்தில் தானியம் புடைக்கும் சத்தம் நின்றது.

"எடுத்துக்கினு வா. பாத்துச் சொல்றேன்."

கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பஸ்ஸில், புதுத் துணிப்பை ரோசாலியின் மடியிலேயே இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் கீழே வைக்கச் சொல்லியும் வைக்கவில்லை.

சாணம் மெழுகிய களத்தில் சாமை குவிந்து கிடந்தது. இருசம்மாள் ஓரத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தார். ரோசாலி தன் செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு வந்து, அந்தப் பாதத்தைத் தண்ணீர் ஊற்றித் துடைத்து, புறங்கையை வைத்தார். இன்னும் சூடு இருந்தது. தோல் உடையவில்லை.

பையிலிருந்து ஜோடியை எடுத்துக் காட்டினார். இருசம்மாள் தொடாமல் பார்த்தார்.

"எங்கனா கீழ வெச்சியா?"

"மடியிலதான் வெச்சிக்கினு வந்தேன்."

"தோலு?"

"இல்லக்கா. துணி, ரப்பரு, நூலு. அவ்ளோதான்."

"ஜெபம்?"

"ஒட்டறப்ப பத்து மணி."

"சத்தமாவா?"

"இல்ல."

இருசம்மாள் சிரித்தார். ரோசாலி பழக்கதோஷத்தில் செருப்பைத் தரையில் வைக்கக் குனிந்தார்.

"இரு, இரு. கீழ வெக்காத."

முறத்தில் இருந்த சாமையைக் குவியலில் கொட்டி, ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டு, இருசம்மாள் அதை இரண்டு கையாலும் நீட்டினார். ரோசாலி செருப்பு இரண்டையும் முறத்தில் வைத்தார்.