முயல் எடுக்க வந்தவர்

எங்கள் ஆரியசாலை வீட்டில் இரண்டு முயல்கள் இருந்தன. ஒன்று காலையில் செத்துப்போனது. மற்றதைத் தனியாக வைத்திருக்க மனம் வராமல், முயல்களை எடுத்துப் பராமரிக்கும் ஒரு குழுவுக்குப் போன் செய்தேன்.

வந்த மலையாளிப் பெண் ஆபீஸ் அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. சுடிதாரெல்லாம் முயல் ரோமம். நாற்காலி போட்டேன். அவரோ தரையில் குப்புறப் படுத்து, முயல் தானாக வரட்டும் என்று கொத்தமல்லித் தழையை நீட்டினார். அது வரவில்லை. கூண்டின் மூலையையே மோந்துகொண்டிருந்தது.

"செத்தது எங்க, அண்ணா?"

"அட்டைப்பெட்டியில கட்டி வச்சிருக்கேன். புதைக்கணும்."

"கட்டைப் பிரிங்க. இது ஒருதரம் பாக்கட்டும், கேட்டோ."

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிரித்து வைத்தேன். உயிரோடிருந்தது செத்ததின் காதை நக்கியது. பக்கத்திலேயே வெகுநேரம் படுத்திருந்தது. பிறகு எழுந்து வந்து கொத்தமல்லியைத் தின்றது.

"இனி தேடாது" என்று சொல்லி, அதைக் கூடையில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுபோனார்.

அப்பா இறந்தபோது நான் துபாயில் இருந்தேன். வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். இன்றும் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் வழுக்கைத் தலையும் தோளில் துண்டுமாக யாராவது போனால், முன்னால் போய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.