வெர்லீனின் நெற்றி

அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் இருபத்தெட்டு வருஷமாக விக் ஒட்டுகிறவள் வெர்லீன் பெட்வே. அவள் நாற்காலியில் உட்காருகிறவர்கள் தலையைக் கொடுப்பதற்கு முன்னால் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுப் பசை தடவி ஒரு நாள் பார்த்தாயா? சொந்த முடியில் பசை படாமல் வலைத்தொப்பி போட்டாயா? எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினாயா, இல்லை கோழிக்கு இறகு பிடுங்குவதுபோலப் பிய்த்தாயா?

போன இலையுதிர் காலத்தில் டியாண்ட்ரா என்ற நர்ஸ் முன்தலையெல்லாம் புண்ணாக வந்து, அதன்மேலேயே ஒட்டச் சொன்னாள். வெர்லீன் அவளை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

"வேருன்னு ஒண்ணு மிச்சம் இருக்கணும்னா ஆறு மாசம் பசையத் தொடாத. மொட்டையா இருந்தாலும் இரு. ஒன்னைய யாரும் படம் எடுக்க வரல."

ஊருக்குத்தான் உபதேசம். வெர்லீன் தன் விக்கை ஆறு வாரம் கழற்றுவதில்லை. கழற்றினால் ஒரே இழுப்பு. ஒட்டிய இடம் புண்ணாகிவிட்டால், புண்ணில் பசை நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் விக்கின் முன்னோரத்து லேஸ் வலையை ஒரு விரல் கீழே இறக்கி நல்ல தோலில் ஒட்டினாள். அதுவும் புண்ணானதும் இன்னும் ஒரு விரல். ஒட்டும் ஒவ்வொரு தடவையும் முடி இறங்கி வர, நெற்றி சுருங்கிக்கொண்டே போயிற்று. சர்ச்சில் பாட்டுக் குழுவுக்கே இதுதான் வேடிக்கை. கடையில் பக்கத்து நாற்காலியில் முடி வேலை பார்க்கிற ரோனெட் மட்டும் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"ஈஸ்டருக்குள்ள புருவத்துக்கு வந்துருமா, வெர்லீன்?"

தோல் டாக்டர் அதைவிடக் கறாராகச் சொன்னார். இப்போதே நிறுத்தினால் முன்தலையில் முடி வரலாம். இன்னும் ஒரு தடவை பசை போட்டால் அந்த இடம் தழும்பாகி, பிறகு ஒன்றும் முளைக்காது. ஆனால் ஈஸ்டரன்று தனிப்பாட்டு வெர்லீனுடையது. அறுநூறு பேர் முன்னால் வெறுந்தலையோடு நிற்பதா? அந்தக் கர்வம் பிடித்த பொம்பளை, சனிக்கிழமை ஒட்டுவதென்று புதுப் பசை வாங்கி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை டியாண்ட்ரா வந்தாள். விக் இல்லை. ஒரு விரற்கடை உயரத்துக்குச் சொந்த முடி, சுருள் சுருளாக, நெற்றி ஓரம் வரைக்கும். கையில் பீச் பழப் பை ஒன்று. திட்டியதற்கு நன்றி சொல்லத்தான் வந்தாளாம். சொல்லும்போதே அவள் கண் வெர்லீனின் நெற்றிக்குப் போய், நாகரிகமாகத் தரைக்கு வந்தது.

இத்தனை வருஷத்தில் யாரிடமும் அனுமதி கேட்காமல் தலைகளைப் பிடித்துத் திருப்பிய வெர்லீன், முதல் தடவையாகக் கேட்டாள்.

"தொட்டுப் பாக்கட்டுமா?"

"தொடுங்க, மிஸ் வெர்லீன்." டியாண்ட்ரா தலையைக் குனிந்து கொடுத்தாள்.

நெற்றி ஓரத்து முடியை வெர்லீன் கட்டைவிரலால் வருடினாள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது; வெட்கமாகவும் இருந்தது. பிறகு போய் ரோனெட்டின் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"கழட்டு," என்றாள். "எண்ணெய் நெறைய ஊத்து. பிச்சுராத."